சொல்லாமல் போட்ட மேலுரம்

“சுட்டி, காஸ் தீர்ந்துபோச்சு. நாளைக்குத்தான் சிலிண்டர் வருமாம். அதுவரைக்கும் வெந்நீர் கேக்க வேணாம்னு உங்க அம்மாகிட்ட சொல்லிடு.”

சுட்டி தண்ணீர்த் தொட்டியிலிருந்து முகத்தை எடுக்காமல் ஒரு காதை மட்டும் அசைத்தது. கை எட்டும் தூரத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்த தங்கை நிமிரவில்லை. கூடையை நிரப்பி இடுப்பில் ஏற்றிக்கொண்டு எருக்குழிப் பக்கம் நடக்கும்போது, அக்காவைப் பார்க்காமல் அவளும் மாட்டைப் பார்த்தே பதில் சொன்னாள்.

“நான் வெந்நீர்ல குளிச்சு எத்தனை நாளாச்சுன்னு உங்க பெரியம்மாவுக்குத் தெரியுமான்னு கேளு சுட்டி.”

அந்த வீட்டில் செய்திப் போக்குவரத்து இப்படித்தான் நடந்தது. பால் வண்டி தாமதமாக வரும் என்பது, கொல்லைக்கதவுச் சாவி ஜன்னல் மேல் இருக்கிறது என்பது, மோட்டாரில் ஏதோ சத்தம் கேட்கிறது என்பது, எல்லாமே சுட்டியிடம் சொல்லப்பட்டு, சுட்டியிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு பிறந்ததால் வந்த பெயர். அதற்குத் தெரிந்த குடும்ப விவகாரம் வேறு எந்த மாட்டுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பக்கத்தில் கட்டியிருந்த, இன்னும் கன்று போடாத இளம் கிடாரிக்கு இந்த வேலை கொடுக்கப்படவில்லை. அது விவரம் பத்தாதது என்பதில் மட்டும் அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே கருத்து.

அக்காவைத் தெருவில் யூரியாக்கா என்பார்கள். உரக்கடையில் பில் போடும் மேஜையில் உட்கார்ந்து தலை நரைத்தவள். கடையை விட்டு வந்து வெகுகாலம் ஆன பிறகும் பெயர் மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், “மூட்டை தூக்கிவிட ஆள் இருந்தது, அப்புறம் எதுக்கு?” என்று சொல்லிச் சிரிப்பாள். தங்கை, கணவன் இறந்ததும் கைக்குழந்தையோடு அப்பா வீட்டுக்கு வந்து, பால் கறந்தே அந்தப் பெண்ணைப் படிக்கவைத்து நகரத்தில் கட்டிக்கொடுத்தவள். அப்பா போன பிறகு வீடும், வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலமும், மாட்டுக் கொட்டகையும் இருவருக்கும் பொதுவாகக் கிடந்தன. பாகம் பிரிக்கும் பேச்சு வந்ததே இல்லை. பிரித்துக்கொண்டு இருவரும் எங்கே போவது என்று அந்தப் பேச்சுக்கே தெரியாது.

சண்டை வந்தது ஒரு போன் பேச்சால். தங்கை அப்போது இடுப்பு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். மகள் போனில் கூப்பிட்டபோது அக்காதான் எடுத்தாள். எடுத்தவள் நாலு வார்த்தையோடு நிறுத்தியிருக்கலாம். “வந்து உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுடி. சாணிக்குள்ளயே கிடந்து சாகப் போறா. இங்க என்ன இருக்கு அவளுக்கு?” என்று சொல்லிவிட்டாள். தங்கைமேல் உள்ள பரிவைத் தங்கையின் மகளுக்குக் காட்டிக்கொள்ளும் ஆசை, அவ்வளவுதான். உள்ளறையில் படுத்திருந்தவளுக்கு அது வேறு மாதிரி கேட்டது. என்னை அனுப்பப் பார்க்கிறாள் என்று கேட்டது. இடுப்பு சரியாகி எழுந்த அன்றே பரணிலிருந்து பெரிய பையை இறக்கி, தூசி தட்டி, நாலு புடவையை மடித்து வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதற்குப் பிறகு அக்காவின் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

யூரியாக்கா அந்தப் பையைத் தினமும் பார்த்தாள். வீடு கூட்டும்போது விளக்குமாறு அதில் இடிக்கும். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் அடுப்பு பற்றவைப்பது யாருக்காக என்று நினைக்கும்போதே பயமாக இருந்தது. இதை வாய்விட்டுச் சொல்வதற்கு அவளுக்குப் பழக்கம் போதாது. உரக்கடையில் கத்திப் பேசிப் பழகிய வாய். கெஞ்சத் தெரியாது. ஆனால் யோசிக்கத் தெரியும். யோசித்ததில் ஒன்று தெளிவானது. மாடு நிற்கும் வரைக்கும் தங்கை போக மாட்டாள். மாடு நிற்க வேண்டுமானால் தீவனம் வேண்டும். போன கோடையில் பச்சை இல்லாமல் அங்கே இங்கே கேட்டுத் திரிந்தபோதுதான் தங்கையின் வாயிலிருந்து முதல்முதலாக, “வித்துத் தொலைச்சிட்டு மகளோட போயிடலாம்போல இருக்கு” என்ற வார்த்தை வந்தது. ஆகையால் இந்த வருஷம் கொல்லை நிலத்தில் போட்ட தீவன மக்காச்சோளம் மதமதவென்று வந்தாக வேண்டும்.

பயிருக்குச் சத்து போடும் விஷயத்தில் இருவரும் என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. பேச்சு இருந்த காலத்தில் அது ஒரு பொழுதுபோக்காகவே நடந்தது. தங்கைக்கு எருதான் எல்லாம். குழியில் மக்கிய எருவைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்து, காப்பித்தூளைப் போலப் பொலபொலவென்று இருந்தால்தான் நிலத்துக்கு அனுப்புவாள். “உன் வெள்ளை உப்பைப் போட்டா பயிர் ஊதும், மண்ணு செத்துப்போகும்” என்பாள். அக்கா விட மாட்டாள். “குப்பையைக் கொட்டிட்டு சத்துங்கிறா. அதுல என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு உன்னால சொல்ல முடியுமா? என் மூட்டையில எழுதியே இருக்கும்.” கடைசியில் ஜெயிப்பது தங்கை. மண்வெட்டி அவள் கையில் இருந்தது. அந்த நிலத்தில் ஒரு பிடி யூரியாகூட விழுந்ததில்லை என்பது அவளுடைய பெரிய பெருமை. பால் சொசைட்டியில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வாள்.

பயிர் முழங்கால் உயரம் வந்தபோது யூரியாக்காவுக்கு அது வெளிறித் தெரிந்தது. பழைய கடைக்குப் போய், இப்போது பில் மேஜையில் இருக்கும் பையனிடம் கால் மூட்டையைக் கட்டித் தரச் சொன்னாள். தங்கை பால் கேனோடு சொசைட்டிக்குக் கிளம்பியதும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிலத்தில் இறங்கினாள். முதல் நாள் தூறியிருந்தது. ஈரம் சரியாக இருந்தது. வரிசைக்கு நடுவே, இலை மேல் படாமல், தண்டை ஒட்டாமல், கையை ஒரே சீராக வீசிக்கொண்டு போனாள். அத்தனை வருஷம் மற்றவர்களுக்கு வாயால் சொன்னதைக் கையால் செய்தது அதுதான் முதல் தடவை. நன்றாகவே வந்தது. காலிச் சாக்கை மடித்துத் தன் மெத்தைக்கு அடியில் வைத்தாள். வாழ்க்கையில் ஒளித்துவைக்க ஒன்றுமே இல்லாமல் இருந்தவளுக்கு அன்று இரண்டு மூன்று தடவை சிரிப்பு வந்தது.

அளவில் அவள் தவறவில்லை. நிலத்துக்கு எவ்வளவு என்று மூட்டையில் போட்டிருந்தபடியே போட்டாள். ஆனால் கடையில் இருந்த காலத்தில் யாராவது வந்து யூரியா கேட்டால் அவள் பேனாவை எடுப்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “எரு எவ்வளவு போட்டிருக்கீங்க?” அதைக் கழித்துவிட்டுத்தான் மூட்டைக் கணக்கு. எருவில் சத்தே இல்லை என்று தங்கையிடம் வீம்புக்கு வாதாடுவாளே தவிர, மேஜையில் உட்கார்ந்துவிட்டால் எருவைக் கழிக்காமல் அவள் யாருக்கும் பில் போட்டதில்லை. அந்தக் கேள்வியை இப்போது கேட்க வேண்டிய இடம் மாட்டுக் கொட்டகை. ஒருநாள் சாயங்காலம் கேட்கத்தான் போனாள். “சுட்டி, இந்தத் தடவை எரு எத்தனை கூடை…” என்று வாயெடுத்தாள். தங்கை பால் கறந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். எதற்குக் கேட்கிறாள் என்று தோன்றிவிட்டால் குட்டு உடைந்துவிடும். “…எத்தனை கூடை இருந்தா என்ன, குழியை மூடி வைக்கச் சொல்லு, ஈ மொய்க்குது” என்று முடித்துக்கொண்டு திரும்பினாள்.

சில நாளில் பயிர் நிறம் மாறியது. பச்சை கறுத்து, இலை அகன்று, வேலிக்கு வெளியே போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா சுட்டி, நம்ம எரு பேசுது! மூட்டைக்காரங்களை எல்லாம் வந்து பாக்கச் சொல்லு!” என்று அடுக்களை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அடுக்களையில் யூரியாக்கா வெங்காயத்தை நறுக்கியபடி வாய்க்குள் சிரித்துக்கொண்டாள். சொல்லிக்கொள்ளட்டும், இருந்தால் போதும் என்று நினைத்தாள். அந்த நாட்களில் கட்டிலுக்கு அடியில் இருந்த பையின் மேல் மறுபடியும் தூசி படிந்திருந்தது. அவள் அதைத் துடைக்காமல் சுற்றியே கூட்டினாள்.

எரு பேசுகிறது என்று நம்பியவள் சும்மா இருப்பாளா? குழியின் அடியிலிருந்த நன்றாக மக்கிய எருவையும் சுரண்டி எடுத்து வரிசையில் இட்டாள். கொட்டகை கழுவும் தண்ணீர் எருக்குழிக்குப் போகும். அந்த வாய்க்காலை வெட்டி நிலத்துக்குத் திருப்பிவிட்டாள். யூரியா பேசுகிறது என்று நம்பிய அக்காவும் சும்மா இருக்கவில்லை. தங்கை சொசைட்டிக் கூட்டத்துக்குப் போன ஒரு மத்தியானம் இன்னொரு தடவை மேலுரம் போட்டாள். இரண்டாவது சாக்கும் மெத்தைக்கு அடியில் போனது. படுத்தால் சரசரத்தது.

பிறகு மழை ஏமாற்றியது. கிணற்றில் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடி, காற்றை இழுத்து நின்றது. நெஞ்சு உயரத்தில் பயிர் அப்படியே நின்றுவிட்டது. மத்தியானத்தில் இலைகள் குழலாகச் சுருண்டன. நிறம் மட்டும் குறையவில்லை. அந்த வெயிலிலும் அது கறுத்த பச்சையாகவே நின்றது யூரியாக்காவின் கண்ணில் பட்டது. கடைக்கு வந்த யாரோ எப்போதோ இதைப் பற்றி ஏதோ சொன்னதுபோல் இருந்தது. நினைவுக்கு வரவில்லை. வைக்கோல் போர் குட்டிச்சுவர் அளவுக்குக் குறைந்து, கடைசியில் தரையைத் தொட்டது. ஒரு சாயங்காலம் வானம் இருட்டி ஒரு மழை பெய்தது. மறுநாள் காலையில் பயிர் சுருள் பிரித்து நிமிர்ந்து நின்றது. தங்கை அரிவாளோடு இறங்கினாள். மண்ணை ஒட்டி, அடித்தண்டோடு, ஒரு துளி வீணாக்காமல் அறுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

“சாப்பிடு சுட்டி. உனக்குன்னே வளர்த்தது” என்றாள். கிடாரிக்கும் ஒரு கை போட்டாள்.

பால் கேனைக் கழுவிக் கவிழ்க்கும் நேரத்தில் கொட்டகையில் தொம்மென்று சத்தம் கேட்டது. யூரியாக்கா போய்ப் பார்த்தபோது சுட்டி முன்கால்களை மடக்கி விழுந்திருந்தது. விலா வேகமாக ஏறி இறங்கியது. வாயோரம் நுரை. தங்கை அதன் தலையை மடியில் இழுத்து வைத்திருந்தாள். அக்காவின் காலடிச் சத்தம் கேட்டதும் பழக்கதோஷத்தில் மாட்டின் காதருகே குனிந்தாள்.

“சுட்டி… உங்க பெரியம்மாவை டாக்டருக்குப் போன் பண்ணச் சொல்லேன்… சொல்லேன்டி…”

சுட்டி காதை அசைக்கவில்லை. தங்கை அப்படியே நிறுத்தி அதன் முகத்தைப் பார்த்தாள். யூரியாக்கா அதற்குள் போனை எடுக்க ஓடியிருந்தாள்.

கால்நடை டாக்டர் ஸ்கூட்டரில் வந்தாள். இளம் வயது, பேச்சு குறைவு. வந்ததும் மாட்டின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். ஈறைத் தள்ளிப் பார்த்தாள். சிவப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சேற்று நிறத்தில் இருந்தது. கொட்டகைக்குள் வெளிச்சம் போதவில்லை. பெட்டியைத் திறந்துகொண்டே கேட்டாள்.

“என்ன தின்னுச்சு?”

“மக்காச்சோளம். நம்ம நிலத்துது. இன்னைக்குத்தான் அறுத்தேன்” என்றாள் தங்கை.

“பூச்சி மருந்து அடிச்சீங்களா?”

“இல்ல டாக்டர்.”

“உரம்?”

“எரு மட்டும்தான். இந்த மண்ணுல ஒரு பிடி யூரியா விழுந்ததில்ல. யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.”

டாக்டரின் கை பெட்டிக்குள் நின்றது. “எரு மட்டும்னா… அப்ப வேற எதையாவது தின்னிருக்குமா? வேலியோரம் என்ன செடி இருக்கு? கிணத்துல யாராவது எதையாவது கழுவினாங்களா? சரியாச் சொல்லுங்கம்மா. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற மருந்து.”

யூரியாக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைக்கு வந்த யாரோ சொன்னது இப்போது முழுசாக நினைவுக்கு வந்தது. வெயிலில் வாடிய பயிர், அளவுக்கு மிஞ்சிய உரம், ஒரு மழை. மூன்றும் சேர்ந்தால் பச்சையே மாட்டுக்கு விஷம். சொன்னால் தங்கை போய்விடுவாள். சொல்லாவிட்டால் சுட்டி போய்விடும், அப்போதும் தங்கை போய்விடுவாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தப் பை வெளியே வரத்தான் போகிறது.

“நான் போட்டேன்” என்றாள் டாக்டரிடம். “யூரியா. மேலுரமா. ரெண்டு தடவை.”

தங்கை தலையைத் தூக்கவில்லை. சுட்டியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த கை மட்டும் நின்று, பிறகு மறுபடி தடவியது.

“எருவும் ரெண்டு தடவை” என்றாள் அவளும் டாக்டரிடமே. “அப்புறம் கொட்டகைத் தண்ணியும்.”

டாக்டர் ஊசியில் கொஞ்சம் ரத்தம் எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். டிகாஷன் நிறம். “உரச்சத்து அத்தனையும் தண்டுல தேங்கிடுச்சு. அது ரத்தத்துல கலந்தா, மூச்சு விட்டாலும் காத்து உடம்புக்குப் போகாது” என்றபடி நீல நிற மருந்தை ஏற்றி, கழுத்து நரம்பைத் தேடினாள். மருந்து மெல்ல இறங்கியது. யூரியாக்கா கிடாரியை அவிழ்த்து வெளியே இழுத்துக்கொண்டு போய் வேப்பமரத்தில் கட்டினாள். திரும்பி வந்து தொட்டியில் மிச்சமிருந்த பச்சையை ஒரு தழை விடாமல் அள்ளினாள். அள்ளும்போது அதன் வாசனை நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அழுகை வந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள்.

வெயில் கொட்டகைக் கூரையிலிருந்து சுவருக்கு இறங்கிய நேரத்தில் சுட்டியின் மூச்சு நிதானமானது. தலையைத் தூக்கியது. பிறகு ஒரு உந்து உந்தி எழுந்து, ஆடி, நின்றது. டாக்டர் மறுபடியும் இமையை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

“சினை எத்தனை மாசம்?”

“அஞ்சு” என்றார்கள் இருவரும் ஒன்றாக.

“கன்னு நிக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. கொஞ்ச நாள் பாக்கணும். சொசைட்டிக்குப் பால் ஊத்தாதீங்க. அந்தப் பயிர்ல கையே வைக்காதீங்க, நான் சாம்பிள் எடுத்துட்டுப் போறேன். அப்புறம், மூத்திரம் நீலமா, பச்சையா போகும். மருந்தோட நிறம். பயந்துடாதீங்க.”

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்த பிறகு கொட்டகையில் மூன்று பேர் மட்டும் இருந்தார்கள். தங்கை எழுந்து புடவையில் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்தாள். அக்கா தூணருகே நின்றாள். மாடு நடுவில் இருந்தது. தங்கை மாட்டைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள்.

“எதுக்குப் போட்ட?”

யூரியாக்கா தங்கையின் முகத்தை அவ்வளவு அருகில் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“பயிர் நல்லா வந்தா மாடு நிக்கும். மாடு நின்னா நீ இருப்ப. அதான்.”

“அப்புறம் ஏன் அன்னைக்கு எம்பொண்ணுகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போகச் சொன்ன?”

“சும்மா சொன்னேன்டி. வாய்க்கொழுப்பு.”

“ஒருத்தி வீட்டுல இருக்கணும்னா இருடின்னு சொல்லணும்” என்றாள் தங்கை. “அதுக்கு யாராவது யூரியா போடுவாங்களா?”

சிரித்தாளா, விசும்பினாளா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. இருடி என்று சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்று தெரிந்தது. தொண்டையைச் செருமினாள். அந்த நேரம் சுட்டி வாலைத் தூக்கிப் பின்னங்கால்களை அகட்டியது. மூத்திரம் சிமெண்டுத் தரையில் விழுந்து தெறித்தது. இருவரும் ஒரே நேரத்தில் பின்வாங்கி, பேச்சை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்து இங்க்கை யாரோ கவிழ்த்துவிட்ட மாதிரி நீலம். ஓரத்தில் பச்சை. அது தரைச் சரிவில் ஓடி, சாக்கடைக் கால்வாயில் இறங்கி, தங்கை திருப்பிவிட்ட புது வாய்க்கால் வழியாக நிலத்தைப் பார்த்துப் போயிற்று.

சத்து மிஞ்சிய அந்த நிலத்துக்கு இதுவும் போய்ச் சேராமல் தடுக்க, தங்கை மண்வெட்டியை எடுக்க விரைந்தாள். யூரியாக்கா அதற்குக் காத்திருக்கவில்லை. குனிந்து இரண்டு கையாலும் ஈரச் சாணியை வாரி வாய்க்கால் வாயில் அப்பினாள். போதவில்லை. ஓரத்தில் கசிந்தது. மறுபடி அள்ளி அப்பி, மேலே காலை வைத்து மிதித்துக்கொண்டு நின்றாள். நீலத் தண்ணீர் அவள் பாதத்தில் வந்து முட்டி, தேங்கி, விரல்களுக்கு நடுவே ஏறி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாததுபோல் கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

“காலை எடுத்துடாத அக்கா” என்றாள் தங்கை, மண்வெட்டியோடு வந்துகொண்டே.